ஃபிரேமும் எழுத்தும்: வாசகர் கேள்வி – பதில்

வடிவமைப்பு, வீடியோ, கணினி பற்றி இம்மாதம் வந்த கேள்விகளில் சில.

கல்யாண மண்டபத்தில் எடுக்கும் வீடியோவில் கறுப்புப் பட்டைகள் மெதுவாக ஏறி இறங்குகின்றன. போன வருடம் வரை இந்தத் தொல்லை இல்லை. கேமராவை சர்வீஸுக்குக் கொடுக்கச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?
– திருமண வீடியோகிராபர், திருச்செங்கோடு

கொடுக்க வேண்டாம். கேமரா நன்றாகத்தான் இருக்கிறது. மாறியது மண்டபத்து விளக்காக இருக்கும். பழைய மஞ்சள் பல்பின் இழை சூடாகவே இருப்பதால் அதன் வெளிச்சம் அவ்வளவாக ஏறி இறங்காது. மலிவான எல்இடி பேனல்கள் அப்படி இல்லை. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அந்த விளக்குகள் நொடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. கண்ணுக்குத் தெரியாது, சென்சாருக்குத் தெரியும்.

ஷட்டர் திறந்திருக்கும் நேரத்துக்குள் விளக்கின் துடிப்பு முழுதாக அடங்க வேண்டும். 1/100 நொடி என்றால் ஒரு துடிப்பு, 1/50 நொடி என்றால் இரண்டு. இரண்டிலும் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒரே அளவு வெளிச்சம் விழும். நீங்கள் நொடிக்கு 30 ஃபிரேமில் ஷட்டரை 1/60 வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதில் ஒன்றே முக்கால் துடிப்புக்குச் சற்றுக் குறைவாக விழுகிறது. மிச்சம்தான் பட்டையாக ஓடுகிறது.

மெனுவில் என்டிஎஸ்சி (NTSC, 60 ஹெர்ட்ஸ் ஊர்களுக்கான வீடியோ முறை) என்று இருப்பதை பால் (PAL, 50 ஹெர்ட்ஸுக்கான முறை) என்று மாற்றுங்கள். அப்போதுதான் 25, 50, 100 என்ற ஃபிரேம் வேகங்கள் கிடைக்கும். சில கேமராக்கள் இதை மாற்றியதும் கார்டை ஃபார்மட் செய்யச் சொல்லும், அதனால் முகூர்த்தத்துக்கு முதல் நாளே மாற்றிவிடுங்கள். சாதாரணக் காட்சிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50. ஸ்லோமோஷனுக்கு 50 அல்லது 100 ஃபிரேம், ஷட்டர் 1/100. 120 ஃபிரேம் வைத்தால் ஷட்டர் 1/120க்குக் கீழே இறங்காது. மண்டபத்துக்குள் மினுக்கல் வந்தே தீரும். யூடியூபில் அமெரிக்கர் ஒருவர் 120இல் எடுத்துக் காட்டுகிறார் என்றால், அவர் ஊர் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ்.

இத்தனையும் சரியாக வைத்த பிறகும் பட்டை மிக மெதுவாக நகர்ந்தால், மண்டபம் ஜெனரேட்டரில் ஓடுகிறதா என்று பாருங்கள். பளு குறைவாக இருக்கும்போது ஜெனரேட்டரின் அலைவெண் 51, 52 வரை ஏறும். கேமராவில் ஷட்டரை நுணுக்கமாக நகர்த்தும் வசதி இருந்தால் (சில நிறுவனங்கள் இதை சிங்க்ரோ ஸ்கேன் என்கின்றன) பட்டை நிற்கும்வரை நகர்த்தலாம். இல்லாவிட்டால், மணமக்கள் முகத்தில் உங்கள் சொந்த பேட்டரி விளக்கின் வெளிச்சத்தைக் கூட்டுங்கள். பட்டை முழுதாகப் போகாது, முகத்தில் தெரியாத அளவுக்கு மங்கிவிடும்.

மேடைக்குப் பின்னால் நிற்கும் எல்இடி வால் (திரைச்சுவர்) வேறு கதை. அதன் துடிப்பு மின்சாரத்தைப் பொறுத்ததல்ல, அதை இயக்கும் கன்ட்ரோலரைப் பொறுத்தது. அதற்கும் முதலில் 1/50 முயலுங்கள். அதில் தெரியும் நெளிநெளியான கோலம் மோரே எனப்படும். அதற்கு ஷட்டர் மருந்தல்ல. ஃபோகஸ் வாலில் விழாமல், அபெர்ச்சரை (லென்ஸின் துளையை) அகலத் திறந்து மணமக்கள் மேல் மட்டும் வைத்தால் கோலம் கரைந்துவிடும்.

பக்கத்தில் நிற்கும் போட்டோகிராபரின் ஃபிளாஷ் பாதி ஃபிரேமை மட்டும் வெளுக்க வைப்பதைத் தடுக்க வழியில்லை. சென்சார் வரிவரியாகப் படிப்பதால் வரும் விளைவு அது. எடிட்டில் அந்த ஒரு ஃபிரேமை வெட்டிவிட்டு முந்தைய ஃபிரேமை அதன் இடத்தில் வையுங்கள். யாருக்கும் தெரியாது.

அடோபி பிரீமியர் எடிட்டிங் மென்பொருளில் தமிழில் தட்டினால் ‘கொ’, ‘கோ’ எல்லாம் உடைந்து, நடுவில் புள்ளி வட்டம் வருகிறது. பாமினி எழுத்துருவில் தட்டினால் சரியாக வருகிறது. பாமினியிலேயே தொடரலாமா? தமிழ்த் தலைப்புகளை ஆங்கிலம்போல ஒவ்வொரு எழுத்தாகத் தோன்றச் செய்ய முடியுமா?
– யூடியூப் சேனல் நடத்துபவர், மட்டக்களப்பு

இந்தக் கேள்வி மாதம் தவறாமல் வருகிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

யூனிகோடில் (எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையில்) ‘கொ’ என்பது ‘க’, அதன்பின் ‘ொ’ என்ற இரண்டு குறிகளாகச் சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போது ஒற்றைக்கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் பிரித்து வைக்க வேண்டியது மென்பொருளின் வேலை. அந்த வேலையைச் செய்யும் எழுத்து இயந்திரம் அடோபி மென்பொருள்களில் இருக்கிறது. பல கணினிகளில் அது முடுக்கிவிடப்படாமல் கிடக்கிறது, அவ்வளவுதான்.

பிரீமியரில் பிரிஃபரன்சஸ் போய், கிராஃபிக்ஸ் பகுதியில் ‘சவுத் ஏசியன் அண்ட் மிடில் ஈஸ்டர்ன்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் இதே தேர்வு பிரிஃபரன்சஸில் டைப் பகுதியில் இருக்கிறது. பலரும் தடுமாறும் இடம் இனிமேல்தான்: இந்த மாற்றம் புதிதாக உருவாக்கும் எழுத்து லேயர்களுக்கு மட்டுமே செல்லும். ஏற்கெனவே தட்டிய தலைப்பு உடைந்தபடியேதான் இருக்கும். அதைப் பார்த்து ‘மாற்றியும் வரவில்லை’ என்று விட்டுவிடுகிறார்கள். பழைய லேயரை அழித்துவிட்டுப் புதிதாகத் தட்டுங்கள். போட்டோஷாப்பில் பாராகிராஃப் பேனலின் மூலை மெனுவில் ‘வேர்ல்டு-ரெடி லேஅவுட்’ இருக்கிறது. இன்டிசைனில் அதே மூலையில் ‘அடோபி வேர்ல்டு-ரெடி பாராகிராஃப் கம்போசர்’. இல்லஸ்ட்ரேட்டரில் முதலில் பிரிஃபரன்சஸின் டைப் பகுதியில் இந்திய மொழித் தேர்வுகளைக் காட்டச் சொல்ல வேண்டும். எந்த மென்பொருளிலும் சரிவராவிட்டால், இன்க்ஸ்கேப்பில் தலைப்பைத் தட்டி, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாக்கிக் கொண்டுவாருங்கள். இன்க்ஸ்கேப் இலவசம், தமிழைச் சரியாகக் கோக்கும்.

இனி பாமினி. அதில் நீங்கள் தட்டுவது கணினியைப் பொறுத்தவரை ஆங்கில எழுத்துகள்தான். அவற்றின்மேல் தமிழ் வடிவங்களை ஒட்டிவைத்திருக்கிறார்கள். கோக்கும் வேலையே இல்லாததால் எந்த மென்பொருளிலும் உடையாது. ஆனால் எழுத்துரு இல்லாத இன்னொரு கணினியில் திறந்தால் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். வீடியோவுக்குள் படமாகப் பதிந்துவிடும் தலைப்புக்கு பாமினி போதும். யூடியூப் தலைப்பு, விளக்கம், சப்டைட்டில் ஆகியவற்றுக்கு உதவாது, தேடலிலும் அகப்படாது. கையில் இருக்கும் பழைய கோப்புகளை என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற இலவசக் கருவியால் யூனிகோடுக்கு மாற்றலாம். மாற்றிய பிறகு ஸ, ஷ, ஹ, மேற்கோள் குறிகள், ‘ஔ’ ஆகியவற்றைக் கண்ணால் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ‘சௌந்தர்யா’வில் ஔகாரக் குறிக்குப் பதிலாக ‘ள’ உட்கார்ந்திருக்கும். பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், தேடினால் கிடைக்காது.

எழுத்துருவுக்குப் பஞ்சமில்லை. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரான், பலூ தம்பி, அனெக் தமிழ் எல்லாம் கூகுள் ஃபான்ட்ஸில் திறந்த உரிமத்தோடு கிடைக்கின்றன. வணிகப் பணிக்கும் பயன்படுத்தலாம். ‘1000 தமிழ் ஃபான்ட் இலவசம்’ என்று சுற்றும் ஜிப் கோப்பில் யாருடைய உழைப்பு இருக்கிறது என்பதற்கு ஆதாரம் இராது. வாடிக்கையாளரின் லோகோவுக்கு அதை எடுக்கவே கூடாது. எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும் முன் ‘இளைஞர் நூலகம், வழுக்கும் ஊஞ்சல்’ என்று தட்டி, செல்போன் தம்ப்நெயில் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். ஞ, ளை, நூ, ழு, ஊ ஆகியவற்றின் உள்வெளிகள் அடைபட்டால் தடிமனை ஒருபடி குறையுங்கள். தம்ப்நெயிலில் எவ்வளவு தடிமனோ அவ்வளவு நல்லது என்பது ஆங்கிலப் பெரிய எழுத்துகளுக்குப் பொருந்தும், ‘ஞ’வுக்குப் பொருந்தாது.

வரி இடைவெளியை அடோபி தானாக 120 சதவீதம் வைக்கும். தமிழில் மேலே விசிறியும் புள்ளியும், கீழே உகரச் சுழிகளும் இருப்பதால் ஒரு வரியின் ‘நூ’ அடுத்த வரியின் ‘கீ’யில் இடிக்கும். 140 முதல் 150 வரை வையுங்கள். எழுத்துகளுக்கு இடையிலான இடைவெளியை மட்டும் தொடாதீர்கள். கூட்டினால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று போய்விடும். வேரியபிள் வகை (தடிமனை விருப்பம்போல மாற்றக்கூடிய) எழுத்துருக்களுக்கு வெளிக்கோடு கொடுத்தால், சில எழுத்துகளின் உள்ளே குறுக்குக் கோடுகள் தெரியக்கூடும். வடிவத் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பதால் வருவது அது. இல்லஸ்ட்ரேட்டரில் அவுட்லைனாக்கி, பாத்ஃபைண்டரில் யுனைட் கொடுத்தால் போய்விடும்.

எழுத்தெழுத்தாகத் தோன்றும் அனிமேஷன்: ‘தமிழ்’ நமக்கு மூன்று எழுத்து, கணினிக்கு ஐந்து குறி. டைப்ரைட்டர் எஃபெக்டைப் போட்டால் முதலில் ‘தம’ வரும், பிறகு ‘தமி’, பிறகு ‘தமிழ’, கடைசியில் புள்ளி வந்து குந்தும். ‘கொ’ இன்னும் மோசம்: ‘க’ வந்த இடத்திலிருந்து நகர்ந்து கொம்புக்கு வழிவிடும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸின் ரேஞ்ச் செலக்டரில் ‘பேஸ்டு ஆன்’ என்ற இடத்தில் கேரக்டர்ஸ் என்பதை வேர்ட்ஸ் என்று மாற்றிச் சொல் சொல்லாகக் கொண்டுவாருங்கள். எழுத்தெழுத்தாகவே வேண்டுமானால் லீனியர் வைப் கொடுத்து இடமிருந்து வலமாகத் திறவுங்கள், அல்லது தலைப்பை அவுட்லைன் வடிவமாக்கி எழுத்து வாரியாக லேயர் பிரியுங்கள். மூன்று சொல் தலைப்புக்கு அந்த மெனக்கெடல் தகும். அதற்கு மேல் வேண்டாம்.

பேட்டி எடுக்கிறோம். படம் செல்போனில், ஒலி தனி ரெக்கார்டரில். தொடக்கத்தில் கைதட்டிப் பொருத்தினால் சரியாக இருக்கிறது, 40 நிமிடம் போனதும் உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். என்ன செய்ய?
– இணைய இதழ்க் குழுவினர், கோயம்புத்தூர்

உங்களுக்கு இரண்டு நோய்களில் ஏதோ ஒன்று. இரண்டுமேகூட இருக்கலாம்.

முதலாவது, செல்போன் மாறும் ஃபிரேம் வேகத்தில் பதிவது. 30 என்று அமைத்திருந்தாலும் வெளிச்சம் குறைந்தாலோ போன் சூடானாலோ 29.6, 28 என்று நழுவும். சில எடிட்டிங் மென்பொருள்கள் இதைச் சரியாகக் கணக்கிடாததால் படம் விலகுகிறது. அப்படி விலகினால் அது சீராக இராது. ஓரிடத்தில் கூடும், இன்னோர் இடத்தில் குறையும். எடிட்டுக்குக் கொண்டுவரும் முன் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் கோப்பைப் போட்டு, வீடியோ பிரிவில் ஃபிரேம் வேகத்தை எண்ணாகக் கொடுத்து, ‘கான்ஸ்டன்ட் ஃப்ரேம்ரேட்’ தேர்ந்தெடுத்து மாற்றுங்கள். ஆர்எஃப் என்ற தர அளவை 16 முதல் 18க்குள் வையுங்கள். எண் குறையக் குறையத் தரம் கூடும், கோப்பும் பெருக்கும்.

இரண்டாவது, இரண்டு கருவிகளின் கடிகாரங்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு படிகம் துடிக்கிறது. இரண்டும் மயிரிழை வித்தியாசத்தில் ஓடும். பத்து லட்சத்தில் 20 பங்கு வித்தியாசம் என்றாலே ஒரு மணி நேரத்தில் 72 மில்லி நொடி, அதாவது 25 ஃபிரேம் வேகத்தில் ஏறத்தாழ இரண்டு ஃபிரேம். இந்த விலகல் சீராகக் கூடிக்கொண்டே போகும். மருந்து எளிது: பேட்டியின் தொடக்கத்தில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை கைதட்டுங்கள். தொடக்கத் தட்டலைப் பொருத்திவிட்டு, முடிவுத் தட்டல் எத்தனை ஃபிரேம் தள்ளி நிற்கிறது என்று பார்த்து, ஒலியின் நீளத்தை ரேட் ஸ்ட்ரெச் கருவியால் அந்த அளவுக்கு இழுங்கள் அல்லது சுருக்குங்கள். இவ்வளவு சிறிய மாற்றம் குரலின் சுருதியில் காதுக்குத் தெரியாது. அதைவிடச் சோம்பேறித்தனமான வழியும் உண்டு: கேள்வி முடிந்து பதில் தொடங்கும் மௌனங்களில் ஒலியை வெட்டி, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மீண்டும் பொருத்துவது. பேட்டிக்கு இதுவே போதும்.

ரெக்கார்டரில் 48 கிலோஹெர்ட்ஸ் வைத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். 44.1 இசைத்தட்டுக்கு உரியது.

புதுக் கேமராவில் எடுத்த 4கே காட்சிகள் எடிட்டில் நகரவே மாட்டேன் என்கின்றன. விலை கூடிய கிராஃபிக்ஸ் கார்டு போட்டும் இதே கதி. பழைய கேமராவின் 4கே காட்சி வெண்ணெய்போல ஓடுகிறது. ஏன்?
– எடிட்டர், வடபழனி, சென்னை

4கே ஒன்றுதான், உள்ளே அடைத்திருக்கும் விதம் வேறு. உங்கள் புதுக் கேமரா எச்.265 என்ற சுருக்க முறையில், 10-பிட், 4:2:2 வகையில் பதிகிறது. நிறத் தகவல் அதிகம். கலர் கிரேடிங்குக்கு நல்லது. ஆனால் அதை அவிழ்க்கும் தனிச் சில்லு எல்லா கிராஃபிக்ஸ் கார்டிலும் இல்லை. என்விடியாவின் 40 வரிசை வரை 4:2:2ஐ அவிழ்க்கும் வசதி கிடையாது. 2025இல் வந்த 50 வரிசையில்தான் சேர்த்தார்கள். இன்டெலில் 11ஆம் தலைமுறையிலிருந்து பிராசசருக்குள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸ் பகுதி எச்.265இன் 4:2:2ஐ அவிழ்க்கிறது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: பெயரின் கடைசியில் ‘எஃப்’ என்று இருக்கும் இன்டெல் பிராசசரில் அந்தக் கிராஃபிக்ஸ் பகுதியே கிடையாது. சில ஆயிரம் மிச்சம் என்று கடைக்காரர் அதைத்தான் தள்ளிவிடுவார். எடிட்டிங்குக்கு வாங்கும்போது ‘எஃப்’ வேண்டாம் என்று சொல்லி வாங்குங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. இந்தக் கோப்புகளில் ஒவ்வொரு ஃபிரேமும் முழுப்படமாக இராது. சில ஃபிரேம்களுக்கு ஒரு முழுப்படம். இடைப்பட்டவற்றுக்கு ‘முன்பிலிருந்து என்ன மாறியது’ என்ற குறிப்பு மட்டும். நீங்கள் டைம்லைனில் ஓரிடத்தைச் சொடுக்கினால், மென்பொருள் பின்னால் போய் முழுப்படத்தைத் தேடிப் பிடித்து அங்கிருந்து கணக்குப் போட்டு வர வேண்டும்.

கணினியை மாற்றாமல் தீர்க்கும் வழி பிராக்ஸி, அதாவது எடிட் செய்ய மட்டும் பயன்படும் இலகுவான நகல். பிரீமியரில் காட்சிகளைத் தேர்ந்தெடுத்து வலச் சொடுக்கில் பிராக்ஸி, கிரியேட் பிராக்ஸிஸ். 1920×1080 அளவில் புரோரெஸ் பிராக்ஸி வடிவம் எடுங்கள். 25 ஃபிரேமில் மணிக்கு ஏறக்குறைய 17 ஜிபி பிடிக்கும். ஒவ்வொரு ஃபிரேமும் முழுப்படமாக இருப்பதால் பழைய மடிக்கணினியிலும் ஓடும். வேலையை இரவில் போட்டுவிட்டுத் தூங்கலாம். பிராக்ஸியை வேறு மென்பொருளில் செய்தால், ஃபிரேம் வேகமும் ஒலித் தடங்களின் எண்ணிக்கையும் மூலக் கோப்போடு ஒத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிரீமியர் இணைக்க மறுக்கும். எக்ஸ்போர்ட்டில் ‘யூஸ் பிராக்ஸிஸ்’ என்பதை டிக் செய்துவிடாதீர்கள். செய்தால் வாடிக்கையாளருக்கு மங்கிய படம் போகும்.

ஐபோனில் எடுத்த வீடியோ போனில் பிரமாதமாக இருக்கிறது. கணினியில் போட்டால் முகமெல்லாம் வெளுத்துப்போகிறது.
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

காரணம் எச்டிஆர், அதாவது சாதாரணத் திரை காட்டுவதைவிட அதிக வெளிச்ச வரம்பில் பதியும் முறை. 2020இல் வந்த ஐபோன் 12 முதல் டால்பி விஷன் எச்டிஆரில் பதியும் வசதி இருக்கிறது. செட்டிங்ஸ், கேமரா, ரெக்கார்ட் வீடியோ போய் ‘எச்டிஆர் வீடியோ’வை அணைத்துவிடுங்கள். எடுத்துவிட்ட காட்சிக்கு எக்ஸ்போஷரைக் குறைத்துச் சமாளிக்காதீர்கள், நிறம் சாம்பல் பூத்துவிடும். டாவின்சி ரிசால்வ் எடிட்டிங் மென்பொருளில் கலர் ஸ்பேஸ் டிரான்ஸ்ஃபார்ம் போட்டு, உள்ளே வருவது ரெக்.2020 நிறவெளி, எச்எல்ஜி காமா என்றும், வெளியே போவது ரெக்.709 (சாதாரணத் திரைக்கான முறை) என்றும் சொல்லுங்கள். முகம் திரும்பி வரும்.

திரையில் பளீரென்று இருக்கும் பச்சையும் நீலமும் ஃபிளெக்ஸில் செத்துப்போகின்றன. கடைக்காரர் ‘ஃபைல் அப்படி’ என்கிறார். 10×8 அடிக்கு எத்தனை டிபிஐ வைக்க வேண்டும்?
– டிசைனர், விருதுநகர்

கடைக்காரர் சொல்வதில் பாதி நியாயம். திரை வெளிச்சத்தால் நிறம் காட்டுகிறது, ஃபிளெக்ஸ் மையால் காட்டுகிறது. திரையின் ஒளிர்பச்சைக்கு ஈடான மை அந்த இயந்திரத்தில் இல்லை. தொடக்கத்திலேயே சிஎம்ஒய்கே (சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு அச்சு மைகள்) முன்னோட்டத்தை வைத்து வேலை செய்தால், அச்சில் வராத நிறத்தை வாடிக்கையாளரிடம் காட்டிவிட்டு மாட்டிக்கொள்ள நேராது. நீலம் ஊதாவாக மாறுகிறது என்றால், சயானும் மெஜந்தாவும் கிட்டத்தட்டச் சமமாக இருக்கின்றன என்று பொருள். சயான் 100 என்றால் மெஜந்தா 70ஐத் தாண்டாமல் பாருங்கள். பெரிய கறுப்புப் பரப்புக்குக் கறுப்பு 100 மட்டும் போட்டால் சாம்பலாக வரும். அதோடு சயான் 40, மெஜந்தா 30, மஞ்சள் 30 சேருங்கள். நோட்டீஸில் சிறிய எழுத்துக்கு இதைச் செய்யாதீர்கள். நான்கு தகடும் மயிரிழை விலகினாலும் எழுத்துக்கு நிழல் விழும், அங்கே கறுப்பு மட்டும் போதும்.

72 டிபிஐ (அங்குலத்துக்கு 72 புள்ளி) தாராளம். 10 அடி என்பது 120 அங்குலம். 8640×6912 பிக்சல், சிஎம்ஒய்கேயில் சுருக்காமல் 240 எம்பி அளவுக்கு வரும். சாலையில் 30 அடி தள்ளி நின்று பார்க்கும் பலகைக்கு 300 டிபிஐ கேட்பவர், அதைத் திறக்கக் காத்திருக்கும் நேரத்துக்கும் காசு கொடுக்க வேண்டும். சுற்றிலும் 2 அங்குலம் முக்கியமான எதுவும் இல்லாமல் விடுங்கள். கண்ணி அடிக்கும்போது தலைவரின் காதில் ஓட்டை விழாமல் இருக்கும். தமிழ் எழுத்துகளை கோரல்டிராவில் கண்ட்ரோல்–கியூ அழுத்தி கர்வ்ஸாக மாற்றிக் கொடுங்கள். மாற்றும் முன் திருத்தக்கூடிய பிரதி ஒன்றைத் தனியாகச் சேமியுங்கள், ‘மாவட்டச் செயலாளர் பெயரில் இனிஷியல் விட்டுப்போச்சு’ என்று போன் வரும்.

என் வீடியோவின் ஒலி மற்ற சேனல்களைவிடக் குறைவாகக் கேட்கிறது. 0 டெசிபெலைத் தொடும் அளவுக்கு ஏற்றியும் பயனில்லை.
– சமையல் சேனல் நடத்துபவர், காரைக்குடி

0ஐத் தொடுவது உச்சம் மட்டும். தாளிக்கும் சத்தமோ கரண்டி விழும் ஓசையோ 0ஐத் தொட்டிருக்கும். உங்கள் குரல் கீழேயே கிடக்கும். காது கேட்பது சராசரியை. அதை அளக்கும் அலகு லஃப்ஸ். யூடியூப் ஏறத்தாழ மைனஸ் 14 லஃப்ஸைத் தாண்டும் வீடியோக்களைக் குறைத்து ஒலிக்கச் செய்கிறது, குறைவாக இருப்பவற்றை ஏற்றுவதில்லை. கணினியில் உங்கள் வீடியோமேல் வலச் சொடுக்கிட்டு ‘ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்’ திறந்தால் ‘கன்டென்ட் லவுட்னஸ்’ என்ற எண் தெரியும். அது மைனஸ் 8 என்றால் நீங்கள் 8 டெசிபெல் கீழே இருக்கிறீர்கள்.

வரிசை இதுதான். குரல் தடத்தில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள்; மின்விசிறி, ஃபிரிட்ஜ் முனகல் போகும். கம்ப்ரசர் 3:1 விகிதத்தில், உரக்கப் பேசும் இடங்களில் 4 முதல் 6 டெசிபெல் அமுங்கும்படி. பிறகு மொத்த அளவை ஏற்றி, கடைசியில் லிமிட்டரை மைனஸ் 1இல் நிறுத்துங்கள். அளவு மைனஸ் 14 அருகில் வந்தால் சரி. அளக்க ரிசால்வின் ஒலிப் பக்கமான ஃபேர்லைட்டிலேயே மீட்டர் இருக்கிறது. தாளிப்புக்குத் தனி மைக் வைத்துத் தனித் தடத்தில் பதிந்தால் இந்தப் பாடு பாதியாகும். காலர் மைக்கைத் தாடையிலிருந்து ஒரு சாண் கீழே குத்துங்கள். பட்டுப் புடவையும் கழுத்துச் சங்கிலியும் உரசும் ஓசையை எந்த மென்பொருளாலும் ஒழுங்காக நீக்க முடியாது.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. இனி டிசைனருக்கும் எடிட்டருக்கும் வேலை இருக்குமா?
– வாசகர், கும்பகோணம்

ஜோதிடம் இந்தப் பத்தியில் இல்லை. இன்று எதற்கு உதவுகிறது என்பதைச் சொல்லலாம்.

பேச்சை எழுத்தாக்க உதவுகிறது. ஓப்பன்ஏஐ 2022இல் வெளியிட்ட விஸ்பர் தமிழையும் கேட்கும், இலவசமாக உங்கள் கணினியிலேயே ஓடும். தெளிவான ஒற்றைக் குரலுக்குத் திருத்தக்கூடிய பிரதி கிடைக்கும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினாலும், வட்டார வழக்கு வந்தாலும், ஊர்ப் பெயர் வந்தாலும் சறுக்கும். நீண்ட மௌனமோ இசையோ வந்தால் யாரும் சொல்லாத வரியைத் தானே எழுதும், சில சமயம் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எழுதும். மௌனங்களை வெட்டிவிட்டுக் கொடுங்கள். சப்டைட்டிலை எஸ்ஆர்டி கோப்பாகச் சேமிக்கும்போது யுடிஎஃப்-8 தேர்ந்தெடுங்கள். ஆன்சி என்று விட்டால் தமிழெல்லாம் கேள்விக்குறியாகும்.

படம் உருவாக்கும் கருவிகள் தமிழ் எழுத்தில் இன்னமும் நம்பத்தக்கவை அல்ல. பத்து எழுத்தில் ஏழு சரியாக இருக்கும், மூன்று எந்த மொழியிலும் சேராது. எழுத்தே இல்லாத பின்னணியை மட்டும் கேட்டு வாங்கி, மூன்றில் ஒரு பங்கு இடத்தைக் காலியாக விடச் சொல்லி, தலைப்பை நீங்கள் தட்டுங்கள். எடிட்டில் பின்னணி நீக்குதல், இரைச்சல் குறைத்தல், ஓரத்தில் நிற்கும் கம்பத்தை அழித்தல் போன்ற சில்லறை வேலைகளுக்கு அவை நன்றாகவே உதவுகின்றன. எந்தச் சிரிப்பில் காட்சியை வெட்டுவது என்று கேட்டால் முழிக்கின்றன.

உண்மைபோலத் தோன்றும் செயற்கைக் காட்சிகளைப் பதிவேற்றும்போது அறிவிக்க வேண்டும் என்ற விதியை யூடியூப் 2024 மார்ச்சில் கொண்டுவந்தது. குரல் நகலுக்கு எழுத்து மூலம் சம்மதம் வாங்குங்கள். மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களை 2024இல் பயன்படுத்திய ஏ.ஆர். ரஹ்மான், குடும்பத்தாரின் அனுமதியோடும் உரிய தொகை கொடுத்தும் செய்ததாக அறிவித்தார். அவருக்கே அனுமதி தேவைப்பட்டது என்றால் நமக்குத் தேவைப்படாதா?

1080பியில் எடுத்ததை 4கே ஆக்கி யூடியூபில் ஏற்றினால் தரம் கூடுமா?
– வாசகர், ஈரோடு

விவரம் கூடாது. ஆனால் 1440பி அல்லது அதற்கு மேல் ஏற்றினால் யூடியூப் அதிக பிட்ரேட் (நொடிக்கான தகவல் அளவு) ஒதுக்கி, மேம்பட்ட கோடெக்கில் (சுருக்க முறையில்) சுருக்கும். இலை, தண்ணீர், பட்டு ஜரிகை போன்ற நுண்ணிய காட்சிகள் கட்டம் கட்டமாக உடைவது குறையும். பேசும் தலை மட்டும் என்றால் மெனக்கெட வேண்டாம்.

திருமணத்துக்கு எத்தனை ஜிபி கார்டு? எப்படிப் பாதுகாப்பது?
– புதிதாகத் தொழிலுக்கு வந்தவர், புதுக்கோட்டை

100 எம்பிபிஎஸ் பதிவு மணிக்கு 45 ஜிபி தின்னும். இரண்டு கேமரா, ஆறு மணி நேரம் என்றால் 540 ஜிபி. எம்பிபிஎஸ் என்பது மெகாபிட். கார்டின்மேல் எழுதியிருப்பது மெகாபைட். வி30 கார்டு நொடிக்குக் குறைந்தது 30 மெகாபைட், அதாவது 240 மெகாபிட் எழுதும் என்பதால் இந்தப் பதிவுக்குப் போதும். ஒரே பெரிய கார்டைவிட 128 ஜிபி கார்டுகள் பல நல்லது. ஒன்று போனால் தாலி கட்டும் நேரத்தோடு வரவேற்பும் சேர்ந்து போகாது. கேமராவில் இரண்டு ஸ்லாட் இருந்தால் இரண்டிலும் ஒரே நேரத்தில் பதியுங்கள். வீட்டுக்கு வந்ததும் இரண்டு டிஸ்கில் நகலெடுத்து, கோப்புகளின் எண்ணிக்கையும் அளவும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்து, இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில கோப்புகளை ஓட்டிப் பார்த்த பிறகே கார்டை ஃபார்மட் செய்யுங்கள். அதையும் கணினியில் அல்ல, கேமராவில். ஒரு டிஸ்க் வேறு வீட்டில் இருக்கட்டும்.

முடித்த வீடியோவை வாட்ஸாப்பில் அனுப்பினால் மங்கிவிடுகிறது. வாடிக்கையாளர் எங்கள் எடிட்டிங்கைக் குறை சொல்கிறார்.
– ஸ்டூடியோ உரிமையாளர், தென்காசி

கேலரியிலிருந்து அனுப்பாமல் ‘டாக்குமென்ட்’ என்று இணைத்து அனுப்புங்கள். 2 ஜிபி வரை சுருக்காமல் போகும். அதற்கு மேலிருந்தால் டிரைவ் இணைப்பு. இணைப்பைத் திறந்ததும் அங்கேயே ஓட்டிப் பார்க்காமல், பதிவிறக்கிவிட்டுப் பார்க்கச் சொல்லி ஒரு வரி சேர்த்து அனுப்புங்கள்; பதிவேற்றிய புதிதில் டிரைவின் முன்னோட்டம் மங்கலாகத்தான் ஓடும்.